முகப்புத் திரையும் பாயிரமும்

நூலுக்குப் பாயிரம் அவசியமா என்ற விவகாரத்தைப் பவணந்தி முனிவர் நன்னூலிலே தீர்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். எத்தனை விரிவாகச் செய்த நூலானாலும் பாயிரம் இல்லையென்றால் அதை நூல் என்றே ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை. மாளிகைக்கு ஓவியம் எப்படியோ, பெரிய ஊருக்குக் கோபுரம் எப்படியோ, அப்படி நூலுக்குப் பாயிரம் என்று உவமையும் கொடுத்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தீர்ந்துபோன இந்த வழக்கை இப்போது மறு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் கம்ப்யூட்டர்தான்.

மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமைத் திறக்கிறோம். அது உடனே வந்து நிற்பதில்லை. முதலில் திரையின் நடுவே ஒரு சின்னப் படம் தோன்றுகிறது. அதில் புரோகிராமின் பெயர், பதிப்பு எண், செய்த கம்பெனியின் முத்திரை, சில சமயம் பொடி எழுத்தில் ஒரு பெயர்ப் பட்டியல். சற்று நேரம் நின்றுவிட்டு அது மறைகிறது; பிறகுதான் வேலைக்கான ஜன்னல் திறக்கிறது. இதற்கு ஸ்பிளாஷ் ஸ்கிரீன் என்று பெயர். நான் முகப்புத் திரை என்று சொல்லுகிறேன். கம்ப்யூட்டர்கள் வேகமாகிவிட்ட இந்த நாளில் இதெல்லாம் வீண் ஆடம்பரம், எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி. இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இன்னொரு கட்சி. கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். முன்னுரையை ஒரு பக்கம்கூடப் படிக்காமல் புரட்டிவிட்டுக் கதைக்குப் போகிற வாசகர்களை நம்பிப் பிழைக்கிறவனுக்கு இதில் அக்கறை இல்லாமல் வேறு யாருக்கு இருக்கப்போகிறது?

முதலில் இந்தத் திரை எதற்காக வந்தது என்பதைப் பார்த்துவிடலாம். அது அழகுக்காக வரவில்லை; தாமதத்துக்குச் சமாதானம் சொல்ல வந்தது. பழைய கம்ப்யூட்டரில் புரோகிராம் ஒரு சுழலும் தட்டில் எழுதப்பட்டிருந்தது. நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றும் தட்டு அது. கிராமபோன் ஊசிபோல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடி வேண்டிய துண்டுகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். படம் வரையும் புரோகிராமானால் தூரிகைகளையும், எழுத்துருக்களையும், துணைக் கருவிகளையும் ஒவ்வொன்றாகத் தேடி அடுக்கிக்கொள்ளும். அதுவரை திரையில் ஒன்றுமே தெரியாவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? தட்டியது கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தட்டுவான். ஒரே புரோகிராம் இரண்டு தடவை திறந்து, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். ‘வந்துகொண்டிருக்கிறேன், சற்றுப் பொறும்’ என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறதே வீட்டுக்காரி, அந்தக் குரல்தான் முகப்புத் திரை. கதவைத் தட்டியவனுக்கு அந்தக் குரல் போதும்.

இன்று சுழலும் தட்டு போய், அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. பத்து விநாடி ஆனது ஒன்றிரண்டு விநாடியில் முடிகிறது. ஆகவே குரல் கொடுக்க அவசியமில்லை என்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் புதுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது நியாயம்தான். ராஜபாளையத்தில் கல்யாணப் பத்திரிகையும் பிளெக்ஸ் பானரும் அடித்துக் கொடுக்கிற ஒரு கடையில் போய் உட்கார்ந்து பார்த்தால் நியாயம் கொஞ்சம் மாறுகிறது. அங்கே இருந்தது பழைய இயந்திரம். அதிலே தமிழ் எழுத்துருக்கள் மட்டும் நூற்றுக்கணக்கில். பாமினியில் தொடங்கி, யாரோ கொடுத்த, எவனோ விட்டுப்போன எழுத்துருக்கள் எல்லாம் அதிலே குடியிருக்கின்றன. போட்டோஷாப்பைத் தட்டிவிட்டுக் கடைக்காரர் எதிர்க் கடைக்கு டீ சொல்லப் போனார். பானருக்கு வந்த பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு, “படம் வந்திருச்சே தம்பி!” என்றார். “வந்திருச்சு அண்ணாச்சி, இன்னும் உள்ள விடல” என்றான் அங்கிருந்த பையன். முகப்புத் திரையைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் சிறந்தது இதுதான்.

இனி அந்தப் போட்டோஷாப் முகப்பையே எடுத்துக்கொள்வோம். சிறப்புப் பாயிரத்தில் எதெல்லாம் சொல்லப்பட வேண்டும் என்று நன்னூல் கணக்கு வைத்திருக்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டு, காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று. இந்தத் தராசில் நிறுத்திப் பார்த்தால் அமெரிக்கக் கம்பெனியின் முகப்பு அப்படியொன்றும் மோசமில்லை. நூற்பெயர் இருக்கிறது. பதிப்பு எண் வழியைச் சொல்லிவிடுகிறது. 1990 முதல் இன்ன ஆண்டுவரை என்று உரிமைக் குறிப்பிலே காலமும் வந்துவிடுகிறது. கேட்போர்கூட ஒரு காலத்தில் இருந்தார். பழைய புரோகிராம்கள் பல, இன்னாருக்கு உரிமம் வழங்கப்பட்டது என்று வாங்கியவர் பெயரை முகப்பிலேயே போட்டன. நம் ஊர்க் கடைகளில் அந்த வரியைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். கடைக்காரர் பெயரைத் தவிர உலகத்தில் யார் பெயர் வேண்டுமானாலும் அங்கே இருக்கும்.

ஆனால் போட்டோஷாப் முகப்பின் பெருமை ஆக்கியோன் பெயரில்தான் இருக்கிறது. தாமஸ் நோல் என்று தொடங்கி, அதைச் செய்த என்ஜினீயர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் வரிசையாக வரும். அந்த வரிசையில் வெகுகாலம் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது: சீதாராமன் நாராயணன். குட்டை குட்டையான மேல்நாட்டுப் பெயர்களுக்கு நடுவே ரயில் வண்டி மாதிரி நீண்டு கிடந்த அந்தப் பெயர் உலகம் முழுவதும் படம் வரைகிறவர்களின் கண்ணில் பட்டுவிட்டது. ஒவ்வொரு நாளும் காலையில் வேலை தொடங்குமுன் எட்டுப் பத்து விநாடி அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? யார் இந்தச் சீதாராமன் என்று விசாரித்தார்கள். இணையத்தில் ரசிகர் பக்கங்கள்கூடத் தோன்றின. சினிமா நட்சத்திரமாக இல்லாமல், பத்திரிகையில் எழுதாமல், வெறும் பெயரை மட்டும் காட்டி ரசிகர்களைச் சம்பாதித்த மனிதர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடக்கூடாது. புரோகிராம் எழுதுகிறவன் உலகத்திலேயே பெயர் தெரியாத தொழிலாளி. கதாசிரியன் பெயர் அட்டையிலேயே வந்துவிடுகிறது. சினிமாவில் விளக்குப் பிடிக்கிறவன் பெயர்கூட எங்கேயாவது ஓடிவிடுகிறது. ஆனால் உங்கள் மாதச் சம்பளத்தைக் கணக்குப் போடுகிற புரோகிராமை எழுதியவன் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? 1980-இல் அடாரி கம்பெனி ‘அட்வெஞ்சர்’ என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. விளையாட்டைச் செய்தவர்களின் பெயரைப் போடுவதில்லை என்பது அங்கே வழக்கம். அதைச் செய்த வாரன் ராபினெட் என்பவர் விளையாட்டுக்குள்ளேயே யாருக்கும் தெரியாமல் ஒரு ரகசிய அறையைக் கட்டி, அதற்குள் தம் பெயரை எழுதி வைத்தார். தெருவாசலில் இடம் கிடைக்காதவன் கொல்லைப்புறச் சுவரில் கரியால் எழுதிவைத்த கதை இது. முகப்புத் திரையை எடுத்துவிடு என்று லேசாகச் சொல்லுகிறவர்கள் இந்தக் கரிச்சுவரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். பெயர்களை ‘இதைப் பற்றி’ என்ற பகுதியில் போட்டுவிடலாமே என்பார்கள். போடலாம். அந்தப் பகுதியைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இந்த இடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகவேண்டியிருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து அதிக தூரமில்லை. மேற்கே மலைத்தொடர் கூடவே வர, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆண்டாள் திருப்பாவையில் பாட்டு முப்பது. ஆனால் சேவிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் முதற்பாட்டுக்குப் போய்விடுவதில்லை. முன்னால் தனியன் சொல்லுகிறார்கள். பராசர பட்டர் அருளிய வடமொழித் தனியன் ஒன்று. உய்யக்கொண்டார் அருளிய தமிழ்த் தனியன் இரண்டு. இவை முப்பதில் சேராது, நாலாயிரத்திலும் சேராது. நூலுக்கு வெளியே, வாசலிலே நிற்பவை. பாடியவள் யார், எந்த ஊர், என்ன செய்தாள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. முகப்புத் திரைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் நுட்பம் ஒன்று இருக்கிறது. ஆண்டாள் தம் பெயரைத் தாமே சொல்லிக்கொள்ளவில்லையா என்றால், சொல்லிக்கொள்கிறார். ஆனால் முப்பதாவது பாட்டில், எல்லாம் முடிந்த பிறகு. ஊர்ப் பெயர், தகப்பனார் பெயர், தம் பெயர் மூன்றும் அங்கே வந்துவிடுகின்றன. வாசலில் நின்று பெயர் சொல்லும் வேலையைப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள். நன்னூலும் இதைத்தான் விதிக்கிறது. பாயிரம் செய்ய உரியவர் ஆசிரியர், உடன் படித்தவர், மாணாக்கர், உரைகாரர். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகுதியல்ல. கம்பெனிகளின் முகப்புகளில் பாதிக்கு மேல் இந்த விதியில் தோற்றுப்போகின்றன. கம்பெனி முத்திரையைத் திரை அகலத்துக்குப் போட்டு, பக்கத்திலே தன் பெருமையை ஒரு வாக்கியத்தில் எழுதி, இரண்டு விநாடி நம்மை அதன் முன்னால் கைகட்டி நிற்க வைப்பது பாயிரம் அல்ல, தண்டோரா. போட்டோஷாப்பின் பெயர்ப் பட்டியல் புகழ்ச்சியில் சேராது. அது வெறும் கையொப்பம். பழைய பதிப்புகளில் ஒரு சாவியை அழுத்திக்கொண்டு ‘இதைப் பற்றி’ என்ற பகுதியைத் திறந்தால் இரகசியமாக இன்னொரு முகப்பு வருமாம்படி செய்து, ‘பிக் எலெக்ட்ரிக் கேட்’ போன்ற விளையாட்டுப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். வேலை செய்கிறவர்களுக்குள் இருந்த குதூகலம் அதில் தெரிகிறது. அதற்கு எனக்கு ஆட்சேபமில்லை.

அதே ஊரிலே இன்னொன்றையும் பார்க்கவேண்டும். நாலாயிரத்தின் தொடக்கத்தில் வைத்திருக்கும் திருப்பல்லாண்டு பெரியாழ்வாருடையது, அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். வேதத்துக்கு ஓங்காரம்போல் பிரபந்தத்துக்குத் திருப்பல்லாண்டு என்று மணவாள மாமுனிகள் வைத்தார். ஆனால் அது தனியன் மாதிரி வெளியே நிற்பதில்லை. பன்னிரண்டு பாட்டும் கணக்கில் உண்டு. அது முதல் அறை, வாசல் அல்ல. கம்ப்யூட்டர் உலகத்திலும் இந்த வித்தியாசம் இருக்கிறது. ஆப்பிள் கம்பெனி ஐபோன் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குக் கொடுக்கும் விதிகளில், திறக்கும்போது வரும் திரை முத்திரை காட்டுகிற இடமல்ல, அது புரோகிராமின் முதல் பக்கத்தைப் போலவே தோன்றவேண்டும் என்று சொல்லுகிறது. அதாவது, தனியன் வேண்டாம், நேரே பல்லாண்டு. கூகிள்காரர்கள் நேர் எதிர்ப்பக்கம் போனார்கள். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12-இல் எல்லாப் புரோகிராமுக்கும், வேண்டுமோ வேண்டாமோ, ஒரு முகப்பு வைத்துவிட்டார்கள். இவை கைப்பேசிக்குச் சொன்ன விதிகள். மேஜைக் கம்ப்யூட்டரில் அவரவர் சம்பிரதாயம் அவரவர்க்கு.

இலவசமாகக் கிடைக்கும் புரோகிராம்களில் எனக்குப் பிடித்த முகப்புகள் இரண்டு உண்டு. ஒன்று ஜிம்ப். படத்தைக் காட்டி நிறுத்தி வைத்தாலும், இப்போது தூரிகைகளை அடுக்குகிறேன், இப்போது எழுத்துருக்களைத் தேடுகிறேன் என்று அடியிலே சொல்லிக்கொண்டே வருகிறது. எந்த வரியில் அது வெகு நேரம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு என்று கண்டுபிடித்துவிடலாம். ராஜபாளையத்துக் கடையிலே இதை வைத்திருந்தால் எழுத்துருக்கள்தான் குற்றவாளி என்று மூன்று நாளில் தெரிந்துபோயிருக்கும். முகப்பே வேண்டாம் என்பவர் அதை நிறுத்திவிட்டுத் திறக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மற்றது பிளெண்டர். இதன் முகப்பு புரோகிராம் திறந்து தயாரான பிறகு வருகிறது! கதவைத் திறந்துவிட்டுத்தான் கோலத்தைக் காட்டுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் ஓவியம். பக்கத்திலே நீங்கள் கடைசியாகச் செய்த வேலைகளின் பட்டியல். வேறெங்காவது தொட்டால் முகப்பு போய்விடும். பார்க்க விரும்புகிறவன் பார்க்கலாம். அவசரக்காரன் தாண்டிப் போகலாம்.

கோபுரமும் அப்படித்தானே இருக்கிறது? ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம் 192 அடி, பதினொரு நிலை. தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது இதுதான் என்று ஊர்க்காரர்கள் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லுகிறார்கள். மதுரை மேலைக் கோபுரம்தான் என்று வாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சண்டையில் நான் தலையிடப்போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இவ்வளவு உயரமான முகப்பு ஒரு விநாடிகூட யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. தூரத்தில் வரும்போதே பார்த்துவிடுகிறோம்; நடந்துகொண்டே பார்க்கிறோம்; கீழே வந்தால் அது தலைக்கு மேலே போய்விடுகிறது, நாம் உள்ளே போய்விடுகிறோம். பவணந்தியார் பாயிரத்துக்குக் கோபுரத்தை உவமை சொன்னபோது அழகை மட்டும் நினைத்திருக்கமாட்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம். முகப்புத் திரையின் கோளாறு அது முகப்பாக இருப்பதில் இல்லை. வாசலை மறைத்துக்கொண்டு நிற்பதில் இருக்கிறது.

சினிமாக்காரர்களுக்கு இந்தத் தொல்லை முன்பே தெரியும். ஜெமினி படம் என்றால் இரட்டைப் பையன்கள் எக்காளம் ஊதுவார்கள். அதைப் பார்த்துக் குழந்தைகள் கை தட்டிய காலம் உண்டு. கொட்டகையில் விளக்கை அணைத்து, ஜனங்கள் இடம் தேடி உட்காருவதற்குள் அந்த எக்காளம் முடிந்துவிடும். அந்த நேரம் எப்படியும் வீணாகிற நேரம்தான். அதே மாதிரி முகப்பை வீட்டில் உட்கார்ந்து ஒரே இரவில் ஆறு தடவை பார்க்கச் சொன்னால் யாருக்குப் பொறுமை இருக்கும்? நெட்பிளிக்ஸ் 2017-இல் தொடக்கக் காட்சியைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் வைத்தது. அதில் பெயர்களும் சேர்ந்து தாண்டிப் போகின்றன என்பது வேறு விஷயம். இசையமைத்தவரும் படம் பிடித்தவரும் அந்தப் பொத்தானை என்ன நினைத்துப் பார்ப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ராஜபாளையம் நூல் ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். ராஜபாளையம் மில் 1936-இல் ஏற்பட்டது. அந்தக் குடும்பத் தொழில்களின் வழியிலேயே பின்னால், 1990-களில், சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற சாப்ட்வேர் கம்பெனியும் வந்தது. நூல் நூற்றவர்கள் புரோகிராம் நூற்கவும் முடியும் என்பதற்கு இந்த ஜில்லாவிலிருந்து கிடைத்த சாட்சி. பெரிய கம்பெனிகளின் கணக்கு வேலைகள் இப்போது பெரும்பாலும் இணைய ஜன்னலுக்குள் போய்விட்டன. அங்கே முகப்பும் கிடையாது, பெயரும் கிடையாது. ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். முகப்புத் திரையை ஒழித்ததால் காத்திருப்பது ஒழிந்துவிடவில்லை. படத்தைப் பார்த்துக் காத்திருந்தவன் இப்போது வட்டத்தைப் பார்த்துக் காத்திருக்கிறான். மாதம் இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்கிற குமாஸ்தாக்களைக் கேட்டால் அந்த வட்டத்தைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத விமர்சனங்கள் கிடைக்கும்.

இவையெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம். நம் ஊர்களில் முகப்புத் திரை உண்மையில் உயிரோடு இருப்பது சின்னச் சின்னக் கடைகளுக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பில் போடும் புரோகிராம்களில். பழைய விஷுவல் பேசிக்கில் எழுதியவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவை திறந்தவுடன் பிள்ளையாரோ லக்ஷ்மியோ தரிசனம் கொடுத்துவிட்டு, கடையின் பெயர், எழுதிக் கொடுத்தவரின் போன் நம்பர், பிறகுதான் பில். இதைப் பார்த்து நாகரிகக்காரர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கமாட்டேன். கணக்கு நோட்டில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, லாபம் என்று எழுதிவிட்டுத் தொடங்குகிற கை இது. தவிரவும் நன்னூல் கேட்கிற ஆக்கியோன் பெயரும் கேட்போர் பெயரும் அமெரிக்கக் கம்பெனிகளிடம் இல்லாத ஒழுங்கோடு இங்கே சேர்ந்து வந்துவிடுகின்றன. போன் நம்பர் உபரி.

ஆனால் பிள்ளையார் சுழிக்கு ஒரு விநாடி ஆகாது. இந்தத் திரைகள் அப்படியில்லை. மைக்ரோஸாப்ட் கம்பெனி விஷுவல் பேசிக்கின் டாட் நெட் பதிப்புகளில் முகப்புத் திரை குறைந்தபட்சம் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதற்கு ஓர் எண் வைத்திருக்கிறது. எழுதுகிறவர் அதைத் தொடாமல் விட்டுவிட்டால் அது 2000 மில்லி விநாடி. அதாவது முழுசாக இரண்டு விநாடி. புரோகிராம் அரை விநாடியில் தயாராகிவிட்டாலும் மிச்ச ஒன்றரை விநாடி சும்மா நிற்கவேண்டும், திரையை நாம் பார்த்துவிட்டோம் என்று நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக! தாமதத்துக்குச் சமாதானம் சொல்ல வந்தது, இப்போது தானே தாமதத்தை உண்டுபண்ணுகிறது. பழைய விஷுவல் பேசிக்கில் இதே காரியத்தை ஒரு டைமரை வைத்துச் செய்தார்கள். ஐந்து விநாடி வைத்தவர்களும் உண்டு. சீக்கிரம் திறந்துவிட்டால் கொடுத்த காசுக்கு வேலை குறைவு என்று கடைக்காரர் நினைத்துவிடுவாரோ என்ற பயமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

ஆகவே என் அபிப்பிராயம் கட்சிக்காரர்கள் இருவருக்கும் பிடிக்காது. நிஜமாகவே நேரம் எடுக்கும் புரோகிராம் முகப்பை வைத்துக்கொள்ளட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் ஜிம்ப் மாதிரி சொல்லட்டும், முடிந்தால் தமிழிலே சொல்லட்டும். செய்தவர்களின் பெயரைப் போடுகிற முகப்புக்கு, அந்தப் பெயர்களுக்கு வேறு நல்ல இடம் கிடைக்கிறவரை, நான் கை வைக்கமாட்டேன். வெறும் முத்திரைக்காக நிற்கிற முகப்பைத் தயங்காமல் எடுத்துவிடலாம். எண்ணைத் தொடாமல் விட்ட சோம்பலால் நிற்கிற முகப்பையோ இன்றைக்கே எடுக்கவேண்டும்.

ஆடிப்பூரத்தன்று தேர் பார்க்க வந்த கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைகளில் மொய்த்துக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் ஒரு தடவை போய்விட்டு வருகிறது. கல்லாவில் இருக்கிற பையன் புரோகிராமை மறுபடி திறக்கிறான். கிளியோடு ஆண்டாள் படம் திரை நிறைய வந்து நிற்கிறது. அரைக் கிலோவுக்குப் பணத்தை நீட்டிக்கொண்டு இருபது பேர் நிற்கிறார்கள். அந்த 2000-த்தைப் பூஜ்யமாக்க ஒரு வரி திருத்தினால் போதும். ஆண்டாள் படத்தைப் பில்லின் தலைப்பிலே அச்சடித்துக் கொடுக்கலாம். வாங்கியவர்கள் பஸ்ஸில் ஊர் போய்ச் சேருகிறவரை சாவகாசமாகப் பார்த்துக்கொண்டு போவார்கள்.